எம். சி. எஷர்: அச்சுக் கலைஞரா, கணிதப் புதிர்களை வரைந்தவரா?

நெய்தல்

நெதர்லாந்துக் கலைஞர் எம். சி. எஷரைப் (1898–1972) பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கணிதம் படித்தவர்கள் அவரைத் தங்களில் ஒருவராகக் கொண்டாடுவதையும், ஓவியம் படித்தவர்கள் சற்றே முகம் சுளித்து விலகுவதையும் பார்க்கிறேன். அவருடைய சொந்த நாட்டிலேயே வாழ்நாள் படைப்புகளை ஒருசேரக் காட்டும் முழுமையான பின்னோக்குக் கண்காட்சி ஒன்று நடைபெற 1968 வரை, அதாவது அவருக்கு எழுபது வயது நிறையும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. மேலே ஏறிக்கொண்டே போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் படிக்கட்டு, தன் சக்கரத்தைத் தானே சுழற்றும் அருவி, ஒன்றையொன்று வரைந்துகொள்ளும் இரண்டு கைகள் ஆகியவற்றை அறியாதவர் குறைவு. ஆனால் அவை எந்த ஊடகத்தில், எந்தக் கருவியால் செய்யப்பட்டவை என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரிவதில்லை.

அவரை முதலில் அச்சுக் கலைஞராகவே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். கணிதம் அவருக்கு வெளியிலிருந்து வந்த பொருளன்று. மரக்கட்டையைச் செதுக்கி மையிட்டு ஒற்றும் தொழிலே அவரை அங்கே கொண்டுசென்றது. மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தென்திசை

மாறுபடுகிறேன். ஓவியம் படித்தவர்கள் விலகுவதற்குக் காரணம் இருக்கிறது. எஷரின் புகழ்பெற்ற படங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு முகம் இல்லை. 1953இல் வெளிவந்த ‘சார்பியல்’ கல்லச்சில் (கல்லில் வரைந்து ஒற்றியெடுக்கும் படம்) மூன்று வெவ்வேறு ஈர்ப்புத் திசைகளுக்கு உட்பட்ட மனிதர்கள் ஒரே மாடிப்படிகளில் நடமாடுகிறார்கள். எல்லோரும் மழுங்கிய தலையுடைய பொம்மைகள். கருத்து வியக்க வைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தில் மீண்டும் பார்க்க என்ன இருக்கிறது? நல்ல விடுகதைக்கும் நல்ல கவிதைக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1948இல் தொடங்கிய கோப்ரா என்ற ஓவிய இயக்கத்தின் கலைஞர்கள் அதே நெதர்லாந்தில் வண்ணத்தை அள்ளி வீசிக்கொண்டிருந்த காலத்தில், இவர் அளவுகோலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். விமர்சகர்கள் எதன்பக்கம் திரும்புவார்கள்?

அச்சுமை

தென்திசை அவர்கள் குறிப்பிடும் படங்கள் எல்லாமே 1937க்குப் பிறகு வந்தவை. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

எஷர் லேயுவார்டனில் பிறந்து ஆர்ன்ஹெமில் வளர்ந்தவர். தந்தை கட்டடப் பொறியாளர். ஜப்பான் அரசுக்காக அந்நாட்டில் பணிபுரிந்தவர். மகன் படிப்பில் சிறக்கவில்லை, பள்ளி இறுதித் தேர்விலும் தேறவில்லை. 1919இல் கட்டடக்கலை பயில்வதற்காக ஹார்லெம் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே அச்சுக்கலை கற்பித்த சாமுவேல் யெசுருன் டி மெஸ்கிட்டா அவருடைய வேலையைப் பார்த்த சில நாள்களிலேயே கட்டடக்கலைப் பாடம் கைவிடப்பட்டது. இளைஞர் அச்சுப் பிரிவுக்கு மாறினார். மரச்செதுக்கின் அடிப்படையை முழுமையாக அவரிடம் கற்றார்.

1922இல் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் சென்றார். பிறகு ரோமில் குடியேறி, ராவெல்லோவில் சந்தித்த யெட்டா உமிக்கரை 1924இல் மணந்து, 1935 வரை அங்கேயே வாழ்ந்தார். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் தோளில் பையுடன் அப்ருட்சி மலைகள், அமால்ஃபி கடற்கரை, சிசிலி, கோர்சிகா எனச் சுற்றி வரைவார். குளிர்காலத்தில் அந்தக் கோட்டோவியங்களை மரத்திலும் கல்லிலும் ஏற்றுவார். 1930இல் செய்த ‘காஸ்ட்ரோவால்வா’ கல்லச்சைப் பாருங்கள். இடப்புறம் செங்குத்தான மலைச்சரிவு. அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். மிகக் கீழே பள்ளத்தாக்கில் இன்னோர் ஊர். நம் கண் மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. புதிர் எதுவும் அதில் இல்லை, உயரம் மட்டுமே இருக்கிறது. அதைப் பொம்மை வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

1934இல் இரவு நேர ரோம் நகரைக் காட்டும் பன்னிரண்டு மரச்செதுக்குகளைச் செய்தார். மேலங்கிப் பொத்தானில் சிறு கைவிளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருக்களில் நின்று வரைந்து, அவற்றை உடனுக்குடன் மரத்துக்கு மாற்றினார். அந்த வரிசையில் அவர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு சுவையானது. ஒரு படத்தில் கிடைக்கோடுகள் மட்டும், இன்னொன்றில் சாய்கோடுகள் மட்டும் எனச் செதுக்கும் முறையை மாற்றிக்கொண்டே போனார். ஒரு விதியை எடுத்துக்கொண்டு அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதிக்கும் பிற்கால எஷர் இங்கேயே தெரிகிறார். கணிதம் அப்போது அவருக்கு அறிமுகமாகியிருக்கவே இல்லை.

மரவுளி

நானும் மரச்செதுக்கு செய்பவன் என்பதால் நெய்தலின் கருத்துக்கு ஒரு தொழில்முறை விளக்கம் சேர்க்கிறேன்.

மரக்கட்டையில் உளி சென்ற இடம் காகிதத்தில் வெள்ளையாக நிற்கும். உளி தொடாத மேற்பரப்பு மையை வாங்கிக் கறுப்பாகப் பதியும். எனவே தூரிகை பிடித்தவர் உருவத்தை வரைகிறார், பின்னணி தானாகக் கிடைக்கிறது. உளி பிடித்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு பறவையின் விளிம்பைச் செதுக்கும்போதே அடுத்துள்ள வெற்றிடத்தின் விளிம்பையும் அவர் செதுக்கிவிடுகிறார். அந்த வெற்றிடமும் ஒரு பறவையாக ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்வி, பல ஆண்டுகள் கட்டையோடு பழகியவருக்கு இயல்பாக எழக்கூடியது. 1938 பிப்ரவரியில் செய்த ‘பகலும் இரவும்’ இந்தக் கேள்விக்கான விடை என்றே நான் கருதுகிறேன். சதுர வயல்கள் மேலெழும்பிப் பறவைகளாகின்றன. வெள்ளைப் பறவைகள் வலப்பக்கத்து இரவை நோக்கியும், கறுப்புப் பறவைகள் இடப்பக்கத்துப் பகலை நோக்கியும் பறக்கின்றன. இரண்டு கூட்டங்களும் ஒன்றுக்கொன்று பின்னணி. இருபுறமும் உள்ள ஊர்கள் கண்ணாடிப் பிம்பங்கள். கட்டையில் உள்ளது காகிதத்தில் இடவலமாக மாறியே பதியும் என்பதால், கண்ணாடிப் பிம்பம் அச்சுக் கலைஞருக்கு அன்றாட விஷயம்.

இது இரண்டு கட்டைகளில், கறுப்பிலும் சாம்பல் நிறத்திலும் செய்யப்பட்டது. எஷர் மரச்செதுக்குகளைப் பொறியில் ஒற்றவில்லை. மையிட்ட கட்டைமேல் காகிதத்தை விரித்து, எலும்பாலான சிறு கரண்டியின் புறப்பகுதியால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்து எடுத்தார். அப்படித் தேய்ப்பதில் ஒரு நன்மை உண்டு: எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதைக் கை உணரும், காகிதத்தின் ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பார்த்து, மை போதாத இடத்தில் மட்டும் மீண்டும் தேய்க்கலாம். தோள்வலி தனி. இந்த ஒரு படத்துக்கே அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளை அவர் எடுத்தார் என்றால், அது அவருடைய விருப்பமான விற்பனைப் பொருளாகவும் தண்டனையாகவும் ஒருசேர இருந்திருக்கும்.

வாசகி

1935இல் அவர் இத்தாலியை ஏன் விட்டார்? ஸ்பெயினின் கிரனடாவிலுள்ள அல்ஹம்ப்ரா மாளிகைதான் அவரை மாற்றியது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். ஆனால் அச்சுமை சொல்வதைப் பார்த்தால் 1922 ஸ்பெயின் பயணத்திலேயே அவர் அங்கே போயிருக்க வேண்டுமே?

அச்சுமை

ஆம், கிரனடாவுக்கு அவர் இரண்டு முறை சென்றிருக்கிறார். முதல் முறை வியந்தார், சிலவற்றைப் பார்த்து வரைந்தார், அதோடு சரி.

இத்தாலியை விட்டதற்குக் காரணம் முசோலினியின் ஆட்சி. அரசியலில் நாட்டமில்லாத அவரால்கூட, ஒன்பது வயது மகன் ஜார்ஜ் பள்ளியில் பாசிச இளைஞர் படையின் சீருடை அணிய வேண்டும் என்ற நிலையைப் பொறுக்க முடியவில்லை. குடும்பம் சுவிட்சர்லாந்தின் ஷாத்தோ-டே என்ற மலையூருக்கு மாறியது. பனி மூடிய அந்த நிலப்பரப்பு எஷருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. வரைவதற்கு அங்கே எதுவும் இல்லை என்று தவித்தவர், 1936இல் ஒரு கப்பல் நிறுவனத்துக்கு விசித்திரமான யோசனையை எழுதி அனுப்பினார்: தனக்கும் மனைவிக்கும் சரக்குக் கப்பலில் பயணமும் உணவும் தந்தால், வழியில் காணும் துறைமுகங்களை அச்சுப்படங்களாக்கித் தருவதாக. நிறுவனம் ஏற்றுக்கொண்டது! அந்தப் பயணத்தில்தான் இரண்டாம் முறை அல்ஹம்ப்ரா சென்று, யெட்டாவும் அவரும் நாள்கணக்கில் அமர்ந்து சுவர் ஓடுகளின் வடிவங்களைப் பிரதியெடுத்தார்கள். கோர்தோபா மசூதியிலும் இதே வேலை நடந்தது.

அவற்றைச் செய்த மூர் (இடைக்கால ஸ்பெயினின் முஸ்லிம்) கைவினைஞர்கள் உயிருள்ள உருவங்களைத் தவிர்த்தார்கள் என்பது எஷருக்குக் குறையாகப் பட்டது. இடைவெளியின்றித் தளத்தை நிரப்பும் அதே ஒழுங்கில் மீனையும் பறவையையும் பல்லியையும் வைக்க முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட வேலை. 1937இல் லெய்டனில் நிலவியல் பேராசிரியராக இருந்த அண்ணன் பெரெண்ட் இந்தப் படங்களைப் பார்த்ததும், இது படிகவியலாளர்களின் துறை என்று சொல்லிச் சில ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டினார். அவற்றில் கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1924இல் எழுதியதும் ஒன்று. தளத்தில் சாத்தியமான 17 சமச்சீர் வகைகளையும் அது படங்களுடன் காட்டியிருந்தது. எஷருக்குத் தேற்றங்கள் விளங்கவில்லை. படங்களைக் கையால் நகலெடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து தனக்கென ஒரு வகைப்பாட்டு முறையை உருவாக்கிக் குறிப்பேடுகளில் எழுதினார். நகர்த்தல், சுழற்றல், பிரதிபலித்தல் ஆகியவற்றோடு எத்தனை நிறங்கள் தேவைப்படும் என்பதையும் அதில் கணக்கிட்டார். இப்படி எண்ணிட்டு வைத்த தளப்பிரிப்பு வரைபடங்கள் வாழ்நாளில் 137 ஆயின.

கணக்கன்

நிறங்களைக் கணக்கிட்டதை அச்சுமை ஒரு வரியில் கடந்துவிட்டார். கணித நோக்கில் அதுவே மிக முக்கியமானது. நிறச் சமச்சீரைப் படிகவியலாளர்கள் முறையாக வகுப்பதற்கு முன்பே இந்தக் குறிப்பேடுகளில் அது கையாளப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த மீன்கள் ஒரே நிறத்தில் இருந்தால் விளிம்பு மறைந்துவிடும் என்ற அச்சுத் தொழிலின் தேவையே அங்கே கொண்டுசென்றது என்பதையும் ஏற்கிறேன்.

1954இல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேசக் கணிதவியலாளர் மாநாடு நடந்தபோது, டி ப்ரைன் என்ற நெதர்லாந்துக் கணித அறிஞரின் முயற்சியால் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் எஷரின் படங்கள் வைக்கப்பட்டன. அந்தக் கண்காட்சி இரண்டு கிளைகளாக விரிந்தது. மாநாட்டுக்கு வந்திருந்த மாணவர் ரோஜர் பென்ரோஸ், படங்களைப் பார்த்த தூண்டுதலில், தாளில் வரைய முடிந்தாலும் உண்மையில் கட்ட முடியாத ‘இயலாத முக்கோணத்தை’ உருவாக்கினார். அவரும் தந்தை லயனல் பென்ரோஸும் முடிவற்ற படிக்கட்டைச் சேர்த்து 1958இல் ஓர் உளவியல் இதழில் வெளியிட்டார்கள். அதைக் கண்ட எஷர் 1960இல் ‘ஏறலும் இறங்கலும்’, 1961இல் ‘அருவி’ ஆகிய கல்லச்சுகளைச் செய்தார். சுவீடனின் ஆஸ்கர் ராய்ட்டர்ஸ்வார்ட் 1934இலேயே இதே முக்கோணத்தை வரைந்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கிளை கனடாவின் கணித அறிஞர் காக்ஸ்டர். அவர் அனுப்பிய கட்டுரையில், இணைகோடுகள் பற்றிய யூக்ளிட்டின் விதி பொருந்தாத அதிபரவளைய வடிவியலின் தளம் ஒரு வட்டத்துக்குள் அடக்கிக் காட்டப்பட்டிருந்தது. விளிம்பை நெருங்க நெருங்க முக்கோணங்கள் சிறுத்துக்கொண்டே போகும். முடிவிலியை ஓர் எல்லைக்குள் அடைப்பது எப்படி என்று தவித்துக்கொண்டிருந்த எஷர், கட்டுரையின் எழுத்துகளை ஒதுக்கிவிட்டு அந்த ஒரு படத்தைக் கவராயத்தோடு ஆராய்ந்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1959இன் ‘வட்ட எல்லை III’ அதன் உச்சம். வெண்ணிற வில்களின் வழியே நான்கு நிற மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. 1979இல் காக்ஸ்டர் அந்த வில்களை ஆராய்ந்து, அவை வெளிவட்டத்தைச் செங்கோணத்தில் அல்லாமல் ஏறக்குறைய 80 பாகையில் சந்திக்க வேண்டும் என்று நிறுவினார். எஷரின் கை அதைச் சரியாகவே செய்திருந்தது. கோணங்களின் கணிதம் அவருக்குத் தெரியாது.

மரவுளி

அந்தப் படம் எப்படி அச்சிடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 41.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். மீன்களுக்கு நான்கு நிறம், கோடுகளுக்குக் கறுப்பு, ஆக ஐந்து கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் கால்வட்டம் மட்டுமே செதுக்கப்பட்டுள்ளது. அதைத் திருப்பித் திருப்பி நான்கு முறை ஒற்ற வேண்டும். ஒரு படிக்கு இருபது ஒற்றல்கள். ஒன்று மயிரிழை விலகினாலும் விளிம்பிலுள்ள குட்டி மீன்கள் கலங்கிவிடும், தாள் வீண். சமச்சீர் என்பது இங்கே கருத்தாக மட்டும் இல்லை. முக்கால் பங்கு செதுக்கும் உழைப்பை மிச்சப்படுத்தி, அதற்கு ஈடாக ஒற்றும் உழைப்பைக் கூட்டும் வேலைத்திட்டமாகவும் இருக்கிறது.

தென்திசை

கைத்திறனை நான் எப்போதும் மறுக்கவில்லை. கல்லச்சுகளைத் தொழில்முறை அச்சகத்தாரிடம் கொடுத்தே ஒற்றினார் என்பதையும், அவருடைய மிகப் புகழ்பெற்ற ‘இயலாத’ படங்கள் பெரும்பாலும் கல்லச்சுகளே என்பதையும் மரவுளி கவனிக்க வேண்டும். கட்டையிலிருந்து பிறந்தவை தளப்பிரிப்புகள். ‘சார்பியல்’, ‘அருவி’ போன்றவற்றுக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

என் அடிப்படைக் கேள்வி வேறு. 1940 முதல் 1945 வரை நெதர்லாந்து ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தது. 1941இல் பார்ன் நகரில் குடியேறிய எஷர் அந்த ஆண்டுகளில் பல்லிகளையும் கனசதுரங்களையும் வரைந்தார். 1943இன் ‘ஊர்வன’ படத்தில் ஒரு குறிப்பேட்டிலிருந்து பல்லிகள் எழுந்து, புத்தகத்தின்மேல் ஏறி, மூச்சுவிட்டு, மீண்டும் தாளுக்குள் இறங்குகின்றன. நேர்த்தியான படம். ஆனால் வெளியே நடப்பது எதுவும் அந்த மேசைக்கு எட்டவில்லை.

நெய்தல்

எட்டவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆக்கிரமிப்பாளர் கலைஞர்களுக்காக அமைத்த பண்பாட்டு அவையில் சேர எஷர் மறுத்தார். சேராதவர் கண்காட்சி வைக்க இயலாது என்பது தெரிந்தே மறுத்தார்.

எஷரின் ஆசிரியர் டி மெஸ்கிட்டா போர்த்துகீசிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1944 ஜனவரி 31 இரவு அவரும் மனைவியும் மகனும் ஆம்ஸ்டர்டாம் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஆசிரியரும் மனைவியும் சில நாள்களில் அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள்; மகனும் நாஜி முகாமில் இறந்தார். இதை அறியாமல் அவரைப் பார்க்க வந்த எஷர், வீடு சூறையாடப்பட்டிருப்பதையும் படங்கள் தரையில் சிதறிக் கிடப்பதையும் கண்டார். அள்ள முடிந்தவற்றை அள்ளிக்கொண்டு போய்க் காப்பாற்றினார். அவற்றுள் ஒரு தாளில் படைவீரனின் பூட்ஸ் தடம் பதிந்திருந்தது. அதை அவர் துடைக்கவில்லை, அப்படியே வைத்திருந்தார். போர் முடிந்ததும் 1946இல் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் ஆசிரியரின் நினைவுக் கண்காட்சி நடப்பதற்குத் துணை நின்றவர்களில் அவரும் ஒருவர். இன்று டி மெஸ்கிட்டாவின் வேலைகளை நாம் இந்த அளவுக்குப் பார்க்க முடிவதற்கு அந்த மீட்புப் பெரிய காரணம்.

இவற்றைத் தன் படங்களுக்கு அவர் பொருளாக்கவில்லை என்பது உண்மை. பொருளாக்காத எல்லோரும் உணராதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

தென்திசை

இந்தச் செய்தி எனக்குப் புதிது. மனிதர்மீது மதிப்புக் கூடுகிறது. படங்கள்மீதான என் கருத்து மாறவில்லை. ‘ஏறலும் இறங்கலும்’ படத்தை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். துறவிகளைப் போன்ற உருவங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருக்க, ஒருவர் கீழ்ப்படியில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் மாடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். அந்த இருவரை வரைந்தபோது எஷர் புதிரைவிட மனிதரைப் பற்றி நினைத்திருக்கிறார்.

கணக்கன்

1956இன் ‘அச்சுப்படக் கூடம்’ கல்லச்சையும் தென்திசை பார்க்க வேண்டும். இடப்பக்கம் ஓர் இளைஞன் கூடத்தில் நின்று ஒரு படத்தைப் பார்க்கிறான். படத்தில் ஒரு துறைமுகம், கப்பல், மால்டாத் தீவின் செங்லியா ஊர் வீடுகள். கண் கடிகாரத் திசையில் நகர நகர வீடுகள் பெரிதாகி, அவற்றுள் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் கூடத்தில் அதே இளைஞன் நிற்கிறான். தன்னையும் உள்ளடக்கிய படத்தை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நடுவில் ஒரு வெள்ளை வட்டம். அதில் எஷர் தன் கையெழுத்தைப் போட்டு விட்டுவிட்டார்.

லெய்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவும் பார்ட் டி ஸ்மிட்டும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வெற்றிடத்தின் விடை இருக்கிறது. வளைவுகளை நீக்கி நேராக்கினால் கிடைப்பது, நெதர்லாந்தின் பழைய ட்ரோஸ்டே கோகோ டப்பாவில் செவிலியின் கையிலுள்ள தட்டில் அதே டப்பா இருப்பதுபோன்ற ஒரு படம். உள்ளே செல்லும் ஒவ்வொரு படமும் 256 மடங்கு சிறியது. எஷர் முறுக்கிய வடிவத்தில், நடுப்பகுதியில் இருக்க வேண்டியது முழுப்படத்தின் 22.58 மடங்கு சிறிய, 157.6 பாகை சுழன்ற பிரதி. அவர்கள் கணினியால் அதை நிரப்பியும் காட்டினார்கள். எஷரிடம் இருந்ததோ கையால் வரைந்த வளைகட்டம் மட்டும்.

வாசகி

நிரப்பிய படத்தை இணையத்தில் பார்த்தேன். வியப்பாக இருந்தது, ஆயினும் நிரப்பாததே எனக்குப் பிடித்திருக்கிறது. தென்திசை கேட்ட “மீண்டும் பார்க்க என்ன இருக்கிறது” என்ற கேள்விக்கு அந்த வெள்ளை வட்டம் ஒரு பதில் என்று தோன்றுகிறது.

அசல் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும்?

மரவுளி

ஹேக் நகரின் லாங்கே ஃபோர்ஹௌட்டில், முன்பு அரச குடும்பத்தின் மாளிகையாக இருந்த கட்டடத்தில் 2002 முதல் எஷருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. ‘உருமாற்றம் II’ அச்சைப் பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்: இருபது கட்டைகளில் ஒற்றப்பட்டு, ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளும் படம். சதுரங்கள் பல்லிகளாகி, தேன்கூடாகி, தேனீக்களாகி, மீன்களாகி, பறவைகளாகி, கனசதுரங்களாகி, திடீரென்று இத்தாலியின் அத்ரானி ஊராக நிற்கும். 1931இல் அமால்ஃபி கடற்கரையில் அவர் வரைந்த அதே ஊர்தான். அதன் நீட்சியான ‘உருமாற்றம் III’ ஹேக் அஞ்சலகத்துக்காக 48 மீட்டர்ச் சுவரோவியமாக்கப்பட்டது. இப்போது ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்ஹோல் விமான நிலையத்தில் இருக்கிறது.

தென்திசைக்கு ஒன்று. கல்லச்சுகளுக்கு என் விளக்கம் பொருந்தாது என்பது பாதி சரி. ஆனால் உடல் தளர்ந்து, 1969இல் கடைசியாக ஒரு படம் செய்ய அமர்ந்தபோது அவர் கல்லை எடுக்கவில்லை. ‘பாம்புகள்’ என்ற அந்தப் படம் மூன்று நிறங்களில், மூன்று கட்டைகளில், மூன்று முறை திருப்பி ஒற்றப்பட்ட மரச்செதுக்கு.